தேக்சாவில் நின்ற நீர்க்கடம்பு

மரம் தோண்டும் ஆசை எனக்கு வந்தது ஒரு வெள்ளைக்காரரால். போன் திரையில் மட்டும்தான் அவரைத் தெரியும். ஏதோ ஒரு நாட்டுச் சதுப்பில் இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு, கையில் ரம்பத்தோடு, ஒரு கிழட்டு மரத்தை வேரோடு அறுத்து எடுப்பார். அடுத்த காட்சியில் அதே மரம் ஒரு தட்டில் ராஜா மாதிரி உட்கார்ந்திருக்கும். நடுவில் என்ன நடந்தது என்பதை மனுஷன் ஒருநாளும் காட்டியதில்லை. அந்த நடுவில்தான் என் வாழ்க்கையில் ஒன்றரை வருஷம் போனது.

விருதுநகரில் இருந்துகொண்டு சதுப்பு மரத்துக்கு ஆசைப்படுவது கொஞ்சம் அதிகப்படி. இந்த ஊரில் இடுப்பளவு தண்ணீரை நான் கடைசியாகப் பார்த்தது, மொட்டைமாடித் தொட்டிக்குள் பாசி தேய்க்க இறங்கியபோது. ஆற்றுத் தண்ணீர் குழாயில் எப்போது வரும் என்று குழாய்க்கே தெரியாது. மற்றபடி உப்புக் கரிக்கும் போர்த் தண்ணீர்தான். அதில் துவைத்த துணி காய்ந்ததும் தானாக நிற்கும்.

எனக்கு வேலை சிவகாசியில், பட்டாசுப் பெட்டிக்கு லேபிள் அடிக்கும் ஒரு கம்பெனியில் எழுத்துப்பிழை பார்ப்பது. ‘குழந்தைகள் பெரியவர்கள் மேற்பார்வையில் வெடிக்கவும்’ என்று வரும். வெடிக்க வேண்டியது பட்டாசா, குழந்தைகளா என்று கேட்டுத் திருத்துவேன். அதற்குத்தான் சம்பளம். சாப்பாட்டு வேளையில் போனில் குட்டை மரங்களைப் பார்ப்பேன். ஒருநாள் என் தோளுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல்.

“யக்கா, ஏன் இந்த மரத்துக்கெல்லாம் வளத்தியே இல்ல? ஏதும் சீக்கா?”

பெட்டி ஒட்டும் பிரிவுக்குப் புதிதாக வந்த பெண். நாரணாபுரத்தில் வாழ்க்கைப்பட்டவள். அங்கே ஒரு பட்டாசு ஆலையில் வேலை பார்த்தவள். ஆய்வுக்கு வந்தவர்கள் அந்த ஆலையைப் பூட்டிவிட்டுப் போனதால், திறக்கிற வரைக்கும் இங்கே பெட்டி ஒட்ட வந்திருந்தாள். என்னைவிடப் பத்து வயது இளையவள். வாய் மட்டும் என்னைவிட மூத்தது.

சீக்கு இல்லை, வேண்டுமென்றே குட்டையாக வளர்க்கிறார்கள், இதற்குப் பெயர் போன்சாய் என்று விளக்கினேன். நல்ல மரம் விதையிலிருந்து வர முப்பது நாற்பது வருஷம் ஆகும், அதனால் காட்டில் ஏற்கனவே கிழடாகிப்போன குட்டை மரத்தைத் தேடித் தோண்டி எடுத்து வருவார்கள் என்றும் சொன்னேன்.

“எங்க ஆத்தா ஊரு கம்மாக்குள்ள இப்பிடித்தான் கெடக்கு,” என்றாள். “ஆடு கடிச்சுக் கடிச்சு ஒண்ணும் வளரல.”

நான் கையிலிருந்த சோற்றை டப்பாவிலேயே போட்டுவிட்டேன்.

அவள் பிறந்த ஊர் இருக்கன்குடிப் பக்கம். அடுத்த ஞாயிற்றுக்கிழமையே போய்ப் பார்த்தோம். கண்மாய் வற்றி, நடுவில் மட்டும் சேறு. கரையோரத்தில் நீர்க்கடம்பு மரங்கள். மழைக்காலத்தில் கழுத்தளவு தண்ணீரில் நின்று, கோடையில் வெடிப்பு விட்ட கரிசலில் நின்று, நடுவில் ஊர் ஆடுகளுக்கெல்லாம் தீனியாகவும் இருந்து பழகியவை. உயரம் என் இடுப்புக்குத்தான் இருக்கும். அடிமரமோ என் தொடைக் கனம். அந்த வெள்ளைக்காரர் வருஷக்கணக்கில் கத்தரியை வைத்துக்கொண்டு செய்யும் வேலையை எங்கள் ஆடுகள் சும்மா வாயாலேயே முடித்திருந்தன.

மழை பிடிக்கும் சமயத்தில் வந்து தோண்டுவது என்றுதான் நினைத்தேன். ஆனால் கண்மாயைத் தூர்வார ஜேசிபி வந்து நின்றது. ஊர்த் தலைவரிடம் கேட்டோம். “எப்பிடியும் பெரட்டித்தான் போடப் போறாக. வேணுங்கிறத எடுத்துக்கிடுங்க,” என்றார். ஆடி மாதம் மரத்தைப் பிடுங்குவது, ஜுரத்தில் கிடப்பவனை எழுப்பி ஓடவிடுவது மாதிரி. ஆனால் ஜேசிபி ஐப்பசி வரைக்கும் பொறுக்காதே.

அடுத்த ஞாயிறு விடிந்ததும் போய்விட்டோம். அவளுடைய தம்பி லோடு ஆட்டோ ஓட்டுகிறவன். வண்டியை வேப்பமர நிழலில் போட்டு, காலை நீட்டி உட்கார்ந்து, ஆலோசனை மட்டும் வழங்கினான். நான் கடப்பாரையை எடுத்து ஓங்கியதும் அவள் “ஏ யக்கா!” என்று அலறிக்கொண்டு கையைப் பிடித்தாள்.

“என்ன?”

“கல்லுல இரும்பு பட்டா பொறி பறக்கும்.”

“பறந்தா என்ன?”

சுற்றிப் பார்த்தாள். சேறு, ஆட்டுப் புழுக்கை, கொக்கு. அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அதற்கு முன்பே அவள் கொலுசைக் கழற்றி, போனையும் வண்டியில் வைத்துவிட்டு வந்திருந்தாள். தீப்பொறிக்குப் பயந்து ஆலை வாசலில் வருஷக்கணக்காகச் செய்த பழக்கம். கண்மாய்க்குள் இறங்கும்போதும் கை தானாகச் செய்துவிட்டது.

கரிசல் மேலே கருங்கல், கீழே பசை. ஒரு சாண் தாண்டியதும் கடப்பாரை போனால் வராது. என் வலது செருப்பு இன்னும் அந்தக் கண்மாயில்தான் இருக்கிறது. மரத்தைச் சுற்றி வட்டமாகத் தோண்டி, தடித்த வேர்களை ரம்பத்தால் அறுத்து, மயிர் மாதிரி மெல்லிசாக இருக்கும் வேர்களை மட்டும் மண்ணோடு காப்பாற்ற வேண்டும். மரம் தண்ணீர் குடிப்பது அந்த மெல்லிய வேரால்தான். இது வீடியோவில் பார்த்தது. வீடியோவில் பார்க்காதது: மரம் அசையும் நேரத்தில் நாமும் சேர்ந்து பின்பக்கமாக விழுவோம் என்பது. இரண்டு பேரும் விழுந்தோம். தம்பி அதை வீடியோ எடுத்துக்கொண்டான்.

வெயில் உச்சிக்கு வருவதற்குள் மூன்று மரங்களை எடுத்துவிட்டோம். கரையின் அந்தக் கோடியில் நான்காவது ஒன்று நின்றது. இருப்பதிலேயே அழகு. அடிமரம் யானைக்கால் மாதிரி விரிந்து, மேலே இரண்டாகப் பிரிந்து வளைந்த மரம். அதைத் தோண்ட எங்கள் உடம்பில் தெம்பில்லை. நான் அதன் பட்டையைத் தடவிக்கொடுத்துவிட்டு வந்தேன். நாளைக்கு ஜேசிபி வாய்க்குள் போகப் போகிற மரம். கண்ணில் தண்ணீர் வந்தது. வியர்வை என்று அவளிடம் சொன்னேன்.

அறுத்த காயத்தில் பூஞ்சை பிடிக்காமல் இருக்க மஞ்சளைக் குழைத்துப் பூசினோம். வேர்மண்ணை நனைத்த சாக்கில் கட்டினோம். சாக்கு போதவில்லை. அவள் தன் ஆத்தா வீட்டிலிருந்து ஒரு பழைய சேலையைக் கொண்டுவந்தாள். போன வருஷம் அவளே இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்கு நடந்துபோனபோது கட்டிய மஞ்சள் சேலை. அதைக் கிழித்து, நனைத்து, மூன்று மரங்களுக்கும் சுற்றிக் கட்டினோம். மேலே நிழலுக்கு வேப்பங்குலையை ஒடித்துப் போட்டான் தம்பி. அவன் செய்த ஒரே வேலை அது.

நல்ல எண்ணத்தில்தான் எல்லாம் செய்தோம். மஞ்சள் பூசி, மஞ்சள் சேலை கட்டி, வேப்பிலை சாத்தி, ஆடி மாசத்தில், இருக்கன்குடி ரோட்டில் ஏற்றிக்கொண்டு போகிறோமே என்று மூன்று பேரில் ஒருவருக்கும் உறைக்கவில்லை.

மாரியம்மன் கோயிலுக்கு நடந்து போகிறவர்கள் சாரை சாரையாக எதிரில் வந்துகொண்டிருந்தார்கள். வண்டி ஊர்ந்துதான் போனது. முதலில் ஒரு அம்மாள் எங்களைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். யாரோ தெரிந்தவர் என்று நினைத்து நான் தலையாட்டினேன். அடுத்து ஒரு கூட்டமே நின்று கும்பிட்டது. யாரோ ஒருவர் குலவை போட, அது வரிசையாகப் பின்னால் போனது. ஒருவர் ஓடிவந்து அடிமரத்தில் எலுமிச்சம்பழத்தை வைத்துவிட்டுப் போனார்.

லோடு ஆட்டோவின் பின்புறத்தில், தொழுகைக்குப் போடுகிற அதே முக்காட்டோடு, மரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நான் உட்கார்ந்திருக்கிறேன். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவளுக்குச் சிரிப்பை அடக்கத் தோள் குலுங்குகிறது.

தண்ணீர்ப் பந்தல் ஒன்றின் முன்னால் வண்டி நின்றுவிட்டது. காலில் கொப்புளத்தோடு ஒரு பெரியம்மா அருகில் வந்து கேட்டார்: “எந்தக் கோயிலுக்குத் தாயி கொண்டு போறீக?”

பொய் சொல்ல இவள் வாயைத் திறப்பது தெரிந்து நான் முந்திக்கொண்டேன். “கோயிலுக்கு இல்லம்மா. கம்மாயத் தூர்வாருறாக. அழிஞ்சு போயிருமேன்னு வீட்டுக்குக் கொண்டு போறோம். தொட்டியில வச்சு வளக்க.”

அவர் என் முக்காட்டைப் பார்த்தார். மஞ்சள் சேலையைப் பார்த்தார்.

“அம்புட்டுத் தொலவுக்கா? வெயில்ல காஞ்சுல்லா போகும்?” என்றவர் பந்தல் பக்கம் திரும்பி, “ஏலே, இங்கன தண்ணி கொண்டாங்கலே!” என்று கத்தினார்.

குடம் குடமாக வந்தது. மூன்று மரங்களும் நனைந்தன. நானும் நனைந்தேன். மண்ணைவிட்டு வந்த பிறகு அவை குடித்த முதல் நல்ல தண்ணீர் அதுதான். ஆர்வம் தாங்காமல் ஒருவர் நீர்மோர் அண்டாவையே தூக்கிக்கொண்டு வந்தார். “ஐயா, மோரு வேணாம்யா! உப்பு! வேரு வெந்துரும்!” என்று நான் எழுந்து கும்பிட்டுத் தடுக்க வேண்டியதாகிவிட்டது. அப்படியானால் நீங்களாவது குடியுங்கள் என்று எங்கள் மூன்று பேருக்கும் ஆளுக்கு இரண்டு டம்ளர் கொடுத்த பிறகுதான் வண்டியை விட்டார்கள்.

வீட்டு வாசலில் என் கணவர் நின்றிருந்தார். பருப்பு மண்டி வைத்திருக்கிறவர், லேசில் எதற்கும் ஆச்சரியப்படுகிற ஆள் இல்லை. வண்டிக்குள் எட்டிப் பார்த்தார். மஞ்சள், வேப்பிலை, எலுமிச்சம்பழம், எங்கிருந்தோ விழுந்திருந்த ஒரு முழம் கதம்பம்.

“யாரைம்மா கூட்டிட்டு வந்திருக்க?” என்றார்.

மூன்று மரங்களில் ஒன்றை அவள் நாரணாபுரத்துக்குக் கொண்டுபோனாள். ஒன்றை எங்கள் மாடியில் சிமெண்டுத் தொட்டியில் வைத்தேன். பெரிய மரத்துக்குத்தான் பாத்திரம் இல்லை. சதுப்பில் வளர்ந்த மரம். வேர் எப்போதும் ஈரத்தில் நிற்க வேண்டும் என்றால் அடியில் ஓட்டையில்லாத, அகலமான, பெரிய ஒன்று தேவை. வீடெல்லாம் தேடினேன். பரணில் கிடந்தது தேக்சா.

எங்கள் குடும்பத்துக் கல்யாணங்களுக்கெல்லாம் பிரியாணி ஆக்குகிற பெரிய பாத்திரம் அது. மாமனார் வாங்கியது. உள்ளே ஆள் குத்தவைக்கலாம். இப்போது எல்லோரும் மண்டபத்தில் ஆர்டர் கொடுக்கிறார்கள், இனி யார் கேட்கப் போகிறார்கள் என்று நினைத்து அதில் மணலும் மண்ணும் நிரப்பி மரத்தை இறக்கினேன். காற்றில் ஆடினால் புது வேர் அறுந்துவிடும் என்று அடிமரத்தைத் தேக்சாவின் கைப்பிடிகளோடு கயிறு போட்டு இறுக்கினேன். மேலே பச்சை வலையைக் கட்டி, கம்பெனியில் மிஞ்சிய பாலித்தீன் உறையை மரத்துக்குச் சட்டை மாதிரி மாட்டிவிட்டேன்.

அதற்கு ஊற்றியது ஆற்றுத் தண்ணீர். இது வெளியே தெரிந்தபோது வீட்டில் நடந்தது சின்னச் சண்டை இல்லை.

“எனக்கு டீ போட உப்புத் தண்ணி. அதுக்கு ஆத்துத் தண்ணியா?”

“உங்களுக்கு வேரு அறுக்கலயே மச்சான்.”

ஆனால் அவர் பேச்சுக்காகச் சிமெண்டுத் தொட்டி மரத்துக்குப் போர்த் தண்ணீரை ஊற்றினேன். மண்ணின் மேல் வெள்ளையாக உப்புப் பூத்தது. பட்டை சுருங்கி, ஒரு மாதத்தில் அது விறகு. நாரணாபுரத்து மரம்தான் முதலில் துளிர்த்தது. அவள் போன் போட்டுக் கத்தினாள். நானும் கத்தினேன். கம்பெனியில் எல்லோருக்கும் மிட்டாய் கொடுத்தோம். மறுநாள் பக்கத்து வீட்டு ஆடு வந்து துளிரையெல்லாம் தின்றுவிட்டு, தொட்டியையும் உருட்டிவிட்டுப் போனது. கண்மாயில் பட்ட பாடு போதாதென்று வீடு தேடி வந்து ஆடு கடித்த மரம் உலகத்திலேயே அது ஒன்றுதான். அதற்குப் பிறகு அது எழுந்திருக்கவில்லை.

மிஞ்சியது தேக்சா. அதில் ஒரு இலை இல்லை. உயிர் இருக்கிறதா என்று பார்க்க நகத்தால் பட்டையை லேசாகச் சுரண்ட வேண்டும், உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது என்று யாரிடமோ சொல்லித் தொலைத்தேன். வீட்டுக்கு வருகிறவர்களெல்லாம் மாடியேறிச் சுரண்டினார்கள். கேஸ் கொண்டுவருகிறவர் சுரண்டினார். மண்டிக் கணக்குப்பிள்ளை சுரண்டினார். கணவர் தினமும் தொழுகை முடிந்து வந்து ஒரு சுரண்டு. மரத்துக்குச் சொறி பிடித்த மாதிரி ஆகிவிட்டது. தண்ணீருக்குச் சண்டை போட்ட மனுஷன் எதற்குச் சுரண்டுகிறார் என்று கேட்டதற்கு, “இம்புட்டுத் தண்ணியக் குடிச்சிருக்கே, கணக்குக் கேக்க வேணாமா?” என்றார்.

புரட்டாசி முடியப் போகும்போது மைனி வந்தார். என் கணவரின் அக்கா. மகனுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மண்டபத்துச் சாப்பாட்டில் அவருக்கு நம்பிக்கை இல்லை. பிரியாணி வீட்டு வாசலில்தான் ஆக்க வேண்டும், அதுவும் தன் அத்தா, என் மாமனார், வாங்கின தேக்சாவில்தான் ஆக்க வேண்டும் என்று வந்து உட்கார்ந்துவிட்டார்.

நான் என் கணவரைப் பார்த்தேன். அவர் மின்விசிறியைப் பார்த்தார்.

“அது மாடியில இருக்கு மைனி,” என்றேன்.

“மாடியில யாரு ஆக்குறா?”

பதில் சொல்வதற்குள் ஏறிவிட்டார். மைனிக்கு அப்போதுதான் கண்புரை ஆப்பரேஷன் முடிந்திருந்தது. புதுக் கண் கிடைத்ததிலிருந்து சொந்தக்காரர் வீட்டு ஒட்டடையெல்லாம் எண்ணிக்கொண்டு திரிந்தார். பாலித்தீன் சட்டையோடு, கயிற்றில் கட்டப்பட்டு, தேக்சாவில் நிற்கிற மொட்டைக் கட்டையைப் பார்த்ததும் புதுக் கண்ணை இரண்டு தரம் மூடித் திறந்தார்.

“எங்கத்தா தேக்சாவுல... செத்த கட்டைய... நட்டு வச்சு... தண்ணி ஊத்துறீகளா ரெண்டு பேரும்?”

“சாகல மைனி.”

“இதா சாகல?” என்று பாலித்தீனை விலக்கி, குனிந்து, உலக வழக்கப்படி சுரண்டக் கையை நீட்டினார். நீட்டிய கை நின்றது. இன்னும் குனிந்தார். மூக்கு மரத்தில் இடித்தது.

“இங்கன என்னமோ எள்ளு மாதிரி இருக்கே.”

நான் விழுந்தடித்துப் போய்ப் பார்த்தேன். என் கண்ணாடிக்குத் தெரியவில்லை. கணவருக்கும் தெரியவில்லை. போனில் பெரிதாக்கிப் பார்த்தோம். அடிமரத்தில், மண்ணுக்குப் பக்கத்தில், யாரும் எதிர்பார்க்காத மூலையில், சிவப்பும் பச்சையுமாக ஒரு மொக்கு.

மைனி நிமிர்ந்தார். எங்கள் மேல் இருந்ததைவிட மரத்தின் மேல் அவருக்குக் கோபம் அதிகமாகிவிட்டது.

“மொளச்சுத் தொலஞ்சிருச்சே. இனி இத எப்பிடிப் பிடுங்குறது?”

கல்யாணத்துக்கு வேறொரு தேக்சாவை வாடகைக்கு எடுத்தார்கள். அது அடி மெலிசு. பிரியாணி அடிபிடித்துவிட்டது. அந்தக் கருகல் வாடையைப் பற்றி இன்றைக்கும் குடும்பத்தில் யாராவது பேச்செடுத்தால் எல்லோரும் என்னைத்தான் திரும்பிப் பார்ப்பார்கள்.

மொக்கு வந்த சேதியை அவளுக்கு உடனே சொல்ல முடியவில்லை. ஆலையைத் திறந்துவிட்டார்கள். தீபாவளி சீசன், உள்ளே போன் கொண்டுபோகக் கூடாது. சாயங்காலம் வாசலுக்கு வந்து போனைப் போட்டதும் என் செய்தியைப் பார்த்திருக்கிறாள். வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே விருதுநகர் பஸ் ஏறிவிட்டாள். மாடிக்கு வந்து தேக்சாவுக்கு முன்னால் குத்தவைத்தாள். தொடு என்றேன். கையைப் பின்னால் வைத்துக்கொண்டாள்.

“வேணாம்க்கா. நகத்துக்குள்ள மருந்து இருக்கு.”

வெள்ளி மாதிரி மின்னியது. எவ்வளவு சோப்புப் போட்டாலும் போகாத அலுமினியத் தூள். கீழே அழைத்துப்போய்க் கழுவவிட்டும் அவள் தொடவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, “அம்புட்டுப் பேரு கும்பிட்டாகளே, சும்மா போகுமா?” என்றாள். கிண்டலா நிஜமா என்று எனக்குத் தெரியவில்லை. அவளுக்கும் தெரிந்திருக்காது.

கார்த்திகையில் மழை நன்றாகப் பெய்தது. நான்காவது மரம் நின்ற இடத்தையாவது பார்த்துவிட்டு வருவோம் என்று இரண்டு பேரும் கண்மாய்க்குப் போனோம். கரையில் ஏறினோம். கண்மாய் நிறையத் தண்ணீர். கரையோரம் முழுக்க நீர்க்கடம்புகள் இடுப்பளவு தண்ணீரில், தளதளவென்று இலையோடு. யானைக்கால் மரமும் அங்கேதான் நின்றது, உச்சியில் ஒரு நாரையோடு. ஜேசிபி ஒரு மூலையைச் சுரண்டியதோடு சரியாம். பில் பாஸ் ஆகவில்லை என்று மறுநாளே வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்களாம்.

நாங்கள் காப்பாற்றாத மரமெல்லாம் நன்றாக இருந்தது. காப்பாற்றிய மூன்றில் இரண்டு செத்திருந்தது.

“யக்கா,” என்றாள் அவள், “இத வெளிய சொல்லாத.”

மறுவருஷம் மரத்தைத் தேக்சாவிலிருந்து எடுத்து, அகலமான மண் தட்டுக்கு மாற்றினோம். வேர் தேக்சாவின் வடிவத்திலேயே சுருண்டு, தலைப்பாகை மாதிரி வந்தது. நல்ல வெள்ளை வேர். மெல்லிய கிளைகளை வளைத்துக் கம்பி சுற்ற வேண்டும். போன்சாய்க்காரர்கள் அதற்கென்று செம்புக் கம்பி வாங்குவார்கள். அவள் மத்தாப்புக் கம்பி கொண்டுவந்தாள், மருந்து தோய்க்காதது. கணவர் தட்டைப் பிடித்துக்கொண்டார். அவள் கிளையைப் பிடித்துக்கொண்டாள். நான் கம்பியைச் சுற்றி மெதுவாக, மிக மெதுவாக, கீழே வளைத்தேன்.

பட்டென்று ஒடிந்தது. இருந்ததிலேயே நல்ல கிளை.

ஒடிந்த கிளை என் கையில் கம்பியோடு தொங்கியது.

“நான் தட்டத்தான் பிடிச்சிருந்தேன்,” என்றார் கணவர்.

“நான் ஆடவே இல்லக்கா,” என்றாள் அவள்.

ஒடிந்த இடம் இப்போது ஆறி, உள்வாங்கிய ஒரு வடுவாகிவிட்டது. பார்க்க வருகிறவர்கள் இது என்ன என்று கேட்டால், வேண்டுமென்றே விட்டது, ஜப்பானில் இப்படித்தான் செய்வார்கள் என்று சொல்லிவிடுகிறேன். மண்டிக் கணக்குப்பிள்ளை அதைத் தன் போனில் படம் எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்.